கூரையில்லாத கோவில்

ஒரே ஊரில் இரண்டு பாதிரியார்கள் இருந்தால் என்ன ஆகும் என்பது கதை எழுதுகிறவனுக்குத் தெரியாத விஷயமல்ல. அதிலும் ஒருவர் பதவியில் இருப்பவர், மற்றவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டவர், இறக்கப்பட்டவரிடம்தான் ஊருக்குப் பிரியம் என்று அமைந்துவிட்டால் முதல் அத்தியாயம் தானாகவே ஓடும். கோள், குத்தல், இரண்டு கட்சி, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாதிப் பெஞ்சு காலி. 1664-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஒரு சிற்றூரின் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எந்த நாவலாசிரியனும் ஊகித்திருக்க மாட்டான்.

அந்த ஊரின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே வாசித்தால் ‘ஈயம்’ என்று வரும். ஊர்க்காரர்கள் ‘ஈம்’ என்கிறார்கள். வாசிப்பதில் நாம் செய்கிற பிழை இங்கே பொருத்தமான பிழையாகவே அமைந்துவிட்டது. ஏனென்றால் அந்த மலையைக் குடைந்து அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஈயம்தான். சுரங்க வேலைக்குப் போகிறவர்கள், கொஞ்சம் பயிர், கொஞ்சம் ஆடு, நடுவில் கல்லால் கட்டிய பழைய கோவில். அவ்வளவுதான் ஊர். 2020-இல் நாம் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது உலகத்துப் பத்திரிகைகள் இந்த ஊரின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதின. அப்போதுதான் நானும் இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். கதையாக எழுதலாம் என்றுதான் படித்தேன். எழுத வரவில்லை. அதனால் சரித்திரமாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ‘பாரிஷ்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்பார்கள், சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் ‘சபை’ என்பார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பாரிஷ் என்பது ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கூடுகிற கூட்டம் மட்டும் அல்ல. 1601-இல் வந்த ஏழைகள் சட்டப்படி, திக்கற்றவனுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியதும் அதற்காக வரி தண்ட வேண்டியதும் பாரிஷின் பொறுப்பு. பிறந்த குழந்தையின் பெயரும், மணம் முடித்தவர்களின் பெயரும், செத்தவரின் பெயரும் அங்கே உள்ள ஏட்டில்தான் ஏறும். ஒரு மனிதன் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவன் என்பது அவன் எங்கே தொட்டிலில் கிடந்தான், எங்கே புதைக்கப்படுவான் என்று சொல்வதற்குச் சமம். முக்கியமாக, எங்கே புதைக்கப்படுவான் என்பது. அப்பனும் பாட்டனும் படுத்திருக்கும் கோவில் தோட்டத்தில், பாதிரியார் ஜெபம் சொல்ல, மணி அடிக்க, மண்ணுக்குள் போவது என்பது ஏழைச் சுரங்கத் தொழிலாளிக்கும் இருந்த ஒரே சொத்து.

இனி இரண்டு பாதிரியார்கள்.

முன்னவர் தாமஸ் ஸ்டான்லி. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த நாளில், 1644-இல், ஈயத்துக்கு வந்தவர். பியூரிட்டன் கொள்கைக்காரர். ஆடம்பரமான சடங்குகள் இல்லாமல், வேதத்தையும் பிரசங்கத்தையும் வைத்து இறைவனைத் தொழுதால் போதும் என்கிற கட்சி. கிராம்வெல் ஆட்சி இருந்த வரையில் அது செல்லுபடியாயிற்று. 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னராகத் திரும்பி வந்ததும் காற்று மாறியது. 1662-இல் ஒரு சட்டம் வந்தது: எல்லாக் கோவில்களிலும் அரசாங்கம் ஒப்புக்கொண்ட பொது ஜெபப் புத்தகத்தைத்தான் வாசிக்க வேண்டும், அதன் ஒவ்வொரு வரியையும் ஏற்பதாகப் பாதிரியார்கள் உறுதி சொல்ல வேண்டும். ஸ்டான்லி மறுத்தார். வேலை போயிற்று. அப்படி மறுத்து வீதிக்கு வந்த குருமார்கள் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானோர்.

பின்னவர் வில்லியம் மாம்பெஸன். 1664-இல் நியமனம் பெற்று, இளம் மனைவி கேதரீனோடும் இரண்டு குழந்தைகளோடும் வந்து சேர்ந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. ராஜ விசுவாசி, ஜெபப் புத்தகத்தில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஊருக்குத்தான் அவரிடம் சங்கடம். பழைய ஐயா ஊர் ஓரத்தில் ஒரு வீட்டில் குடியிருக்கிறார், இந்தப் பையன் வந்து பிரசங்க பீடத்தில் நிற்கிறான் என்று நினைத்தவர்கள் பலர். பற்றாக்குறைக்கு, 1665-இல் இன்னொரு சட்டமும் பிறந்தது. பதவி இழந்த பாதிரியார் தன் பழைய பாரிஷுக்கு ஐந்து மைலுக்குள் வசிக்கக் கூடாது! ஸ்டான்லி ஈயத்தில் இருந்ததே சட்ட விரோதம் என்று ஆயிற்று. மாம்பெஸன் ஒரு புகார் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை.

1665-ஆம் வருஷம் லண்டன் நகரத்தைப் பிளேக் வாரிக்கொண்டு போன வருஷம். நகரத்துக் கணக்கில் ஏறிய பிளேக் மரணங்கள் மட்டும் 68,000-க்கு மேல். வண்டிக்குப் பல நாள் வழியான இந்த மலைக் கிராமத்துக்கு அது வந்து சேர்ந்த விதத்தைப் பழைய நூல்கள் இப்படிச் சொல்கின்றன: ஊரில் இருந்த தையற்காரருக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப் பெட்டி வந்தது. துணி ஈரமாயிருந்தது. ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள் அதைப் பிரித்து அடுப்பருகில் உலர்த்தினான். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்திருக்க வேண்டும் என்பது இன்றைய ஊகம். அன்றைக்கு யாருக்கும் அது தெரியாது. செப்டம்பர் 7-ஆம் தேதி விக்கர்ஸை அடக்கம் செய்தார்கள். அதே வீட்டில் ஒரு சிறுவன் அடுத்துப் போனான். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு.

குளிர்காலத்தில் நோய் தணிந்தது. போய்விட்டது என்றுகூட நம்பினார்கள். 1666 ஜூன் பிறந்ததும் திரும்பி வந்தது. வந்த வேகம் வேறு.

பிளேக் வந்தால் ஊரை விட்டுப் போவதுதான் மனித இயற்கை. நம் கொங்கு நாட்டிலும் அந்தக் காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிளேக் மாரியம்மன் கோவில்களை இன்றும் காணலாம். ஈயத்திலும் வசதியுள்ள சிலர் முன்கூட்டியே போய்விட்டார்கள். மற்றவர்களும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அவர்கள் போயிருந்தால் பக்கத்து ஊர்களுக்கும், அவற்றைத் தாண்டி ஷெஃபீல்டுக்கும் நோய் அவர்களோடு நடந்து போயிருக்கும்.

அந்த ஜூன் மாதத்தில்தான் மாம்பெஸன் ஸ்டான்லியிடம் போனார். அந்தச் சந்திப்பில் இருவரும் என்ன பேசினார்கள் என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. பதவியில் இருப்பவன் பதவி இழந்தவரின் வாசற்படி ஏறுகிற காட்சி. நாவல் எழுதுகிறவனாக அதை இட்டுக்கட்ட எனக்குக் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது, செய்யாமல் விடுகிறேன். ஊர் தன் பேச்சைக் கேட்காது, அவர் பேச்சைக் கேட்கும் என்று மாம்பெஸன் உணர்ந்திருந்தார் என்பது மட்டும் தெளிவு. அதை உணர்வதற்கு ஒருவகைப் படிப்பு வேண்டும், சர்வகலாசாலையில் கிடைப்பதல்ல.

இருவரும் சேர்ந்து ஊரைக் கூட்டினார்கள். மூன்று ஏற்பாடுகள் முடிவாயின. இனிச் செத்தவர்களைக் கோவில் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம். அந்தந்தக் குடும்பம் தன் நிலத்திலோ கொல்லையிலோ தானே குழி வெட்டிப் புதைத்துக்கொள்வது. கோவிலைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் வெட்டவெளியில், குடும்பத்துக்குக் குடும்பம் இடைவெளி விட்டு நின்று ஜெபிப்பது. ஊரைச் சுற்றி வகுத்த எல்லையை யாரும் தாண்டிப் போகாமலும் வராமலும் இருப்பது.

மூன்றாவது ஏற்பாட்டைத்தான் உலகம் கொண்டாடுகிறது. எனக்கு முதல் இரண்டும்தான் பெரியவையாகத் தோன்றுகின்றன. எண்ணிப் பாருங்கள். பாரிஷ் என்றால் என்ன? கோவில் கட்டடம், கோவில் தோட்டத்துக் கல்லறை, சாவில் வந்து நின்று ஜெபம் சொல்கிற குரு. இந்த மூன்றையும் அந்த மக்கள் ஒரே நாளில் கழற்றி வைத்தார்கள். எந்த ஜெபப் புத்தகத்துக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்களோ, அந்தச் சண்டைக்கே இடமில்லாமல் பள்ளத்தாக்கில் பாறைக்கு முன்னால் போய் நின்றார்கள். பாரிஷுக்கு அடையாளமாகக் கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் போன பிறகு, அயலூர்க்காரனுக்கு நம்மால் சாவு வரக்கூடாது என்ற ஒரே எண்ணம் மிஞ்சி நின்றது. அந்த எண்ணம் பிடித்து நிறுத்திய கூட்டமாக அவர்கள் 1666-இன் கோடையைக் கழித்தார்கள்.

உணவுக்கு வழி வேண்டுமே? ஊருக்குச் சில மைல் தூரத்தில் சாட்ஸ்வொர்த் மாளிகையில் டெவன்ஷயர் பிரபு இருந்தார். மாம்பெஸன் அவருக்கு எழுதினார். ஊர் வெளியே வராமல் இருந்தால் தேவையானவை வந்து சேரும் என்று பதில் கிடைத்தது. ஊருக்கு மேலே மலைப்பாதையில் ஒரு சுனை இருக்கிறது. இன்றும் அதற்கு ‘மாம்பெஸன் கிணறு’ என்றுதான் பெயர். அங்கேயும், ஸ்டோனி மிடில்டன் என்ற அடுத்த ஊருக்குப் போகும் வழியில் உள்ள எல்லைக் கல்லிலும் வெளியூரார் ரொட்டியும் மற்றதும் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லில் ஆறு குழிகள். குழியில் காடியை ஊற்றி அதற்குள் காசைப் போடுவார்கள். காடி காசிலுள்ள விஷத்தை முறிக்கும் என்று நம்பிக்கை. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு காதல் கதை சொல்வது வழக்கம். எம்மட் என்ற பெண் இந்த ஊர். ரோலண்ட் என்ற வாலிபன் அடுத்த ஊர். இருவரும் பள்ளத்தாக்கின் இரு கரைகளில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒரு நாள் அவள் வரவில்லையாம். கண்ணீர் வரவழைக்கிற கதைதான். ஆனால் அந்தப் பெண் இறந்தது ஏப்ரல் மாதம்; எல்லை வகுத்தது ஜூன் மாதம். கதை கட்டுகிறவர்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை என்பதற்கு என் தொழிலிலிருந்தே எத்தனையோ உதாரணம் சொல்லலாம்.

காலண்டரோடு சரியாகப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். ஊருக்குச் சற்று வெளியே மேட்டில் ரைலி என்ற பண்ணை. அங்கே எலிசபெத் ஹான்காக் என்ற பெண். ஆகஸ்டு 3-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதிக்குள், எட்டு நாளில், அவளுடைய கணவனும் ஆறு குழந்தைகளும் இறந்தார்கள். முடிவு முடிவுதானே, ஒவ்வொருவருக்கும் அவளே குழி வெட்டினாள். அவளே உடலை இழுத்துச் சென்றாள். அவளே மண் தள்ளினாள். ஸ்டோனி மிடில்டன்காரர்கள் எதிர்மேட்டில் நின்று பார்த்தார்கள் என்கிறார்கள். கிட்டே வரவில்லை. வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்தது ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு மகன். நோய் தீர்ந்த பிறகு அவனிடம் போய்விட்டாள். அந்த ஏழு பேரின் நினைவுக் கற்களையும் சுற்றி ஒரு வட்டச் சுவர் எழுப்பி இன்றுவரை காத்து வருகிறார்கள்.

மார்ஷல் ஹோ என்ற இன்னொரு ஆளைப் பற்றியும் ஊரில் சொல்வார்கள். நோய் வந்து பிழைத்தவன். இனித் தனக்கு வராது என்ற தைரியத்தில், புதைக்க ஆளில்லாத வீடுகளில் புதைக்கிற வேலையை ஏற்றான். கூலியாகச் செத்தவன் வீட்டுச் சாமானை எடுத்துக்கொண்டான். அவன் மனைவியும் மகனும் அதே ஆகஸ்டில் இறந்தார்கள். அவனைத் தியாகி என்பதா, கொள்ளைக்காரன் என்பதா? இரண்டும் ஒரே ஆளாக இருப்பதால்தான் அவனை நான் நம்புகிறேன்.

ஆகஸ்டு மாதம் மட்டும் ஏறக்குறைய 78 பேர் போனார்கள். 22-ஆம் தேதி பாதிரியாரும் மனைவியும் வயல் பக்கம் நடந்து வந்தபோது, காற்று என்ன இனிமையாக மணக்கிறது என்று கேதரீன் சொன்னாளாம். வாசனை தெரிவது நோய் பிடித்ததன் அடையாளம் என்று அக்காலத்தில் நினைத்தார்கள். 25-ஆம் தேதி அவள் இல்லை. வயது இருபத்தேழு.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கேதரீனின் கல்லறை கோவில் தோட்டத்திலேயே இருக்கிறது. எலிசபெத்தின் குழந்தைகள் வயலில். மேலும், எல்லை வகுப்பதற்குச் சற்று முன்பே மாம்பெஸன் தன் இரண்டு குழந்தைகளையும் யார்க்ஷயரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கேதரீனையும் போகச் சொன்னார். அவள் மறுத்துக் கணவனோடு இருந்துவிட்டாள். குற்றம் சொல்கிறேனா? எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் அனுப்பாமல் இருந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அனுப்ப உறவும் வண்டியும் இல்லாத சுரங்கக்காரன் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான்?

இந்தக் கேள்வியைத்தான் இக்காலத்துச் சரித்திர ஆசிரியர்களும் கேட்கிறார்கள். ஊர் மனமொப்பிச் செய்த தியாகம் என்கிற சித்திரம் பெரும்பாலும் பின்னாளில் தீட்டியது. நமக்குக் கிடைக்கிற விவரங்களில் பல, வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர் 1842-இல் எழுதிய நூலிலிருந்து வந்தவை. ஏழைகளுக்குப் போக இடமும் இல்லை, போனால் மற்ற ஊரார் கல்லால் அடித்துத் துரத்தியிருப்பார்கள் என்கிறார்கள். பணக்காரன் ஓடினான், பாதிரியார் பேசினார், ஏழை இருந்தான். நியாயமான வாதம்தான். முழுவதும் ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு மனம் வரவில்லை. மலைச் சரிவில் ஆயிரம் ஆட்டுத் தடங்கள். இருட்டில் ஒருவன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதை இரண்டு பாதிரியார்கள் எப்படித் தடுத்திருக்க முடியும்? ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் போகாமல் இருந்திருக்கிறார்கள். பயத்தால் பாதி, வேறு வழியின்மையால் பாதி இருக்கட்டும். மிச்சமாக ஒரு துளியாவது வேறு ஏதோ இருந்திராவிட்டால் கணக்கு நேராகவில்லை.

நவம்பர் முதல் தேதி கடைசிச் சாவு. அந்த மாதம் 20-ஆம் தேதி மாம்பெஸன் ஒரு கடிதத்தில் தம் ஊர் மண்டையோட்டு மலை ஆகிவிட்டதென்றும், 76 குடும்பங்களில் 259 பேர் மாண்டதென்றும் எழுதுகிறார். ஊரில் இருந்தவர் எத்தனை பேர்? பழைய நூல்கள் 350 என்றன. அப்படியானால் நாலில் மூன்று பங்கு. இக்காலத்துக் கணக்கு ஏறக்குறைய 700 என்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எப்படிப் பார்த்தாலும் சுற்று ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

எலியும் பூச்சியும் பரப்புகிற நோய்க்கு மனிதர்கள் ஊரோடு அடைந்து கிடந்தது வீண் என்று ஒரு கட்சி நெடுநாள் சொல்லி வந்தது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஊரின் மரணப் பதிவேட்டைத் தேதி தேதியாக, வீடு வீடாக எடுத்துக் கணக்கிட்டது. தொற்றியதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கே வந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. அப்படியானால் எல்லைக் கல் வீண்போகவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட சாவு அது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. தாய் பிள்ளைக்கு, பிள்ளை தாய்க்கு.

ஸ்டான்லி பிழைத்திருந்தார். ஆபத்து நீங்கியதும் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது சிலருக்கு. ஐந்து மைல் எல்லைக்குள் இருக்கிற இந்த மனிதரை வெளியேற்ற வேண்டும் என்று பிரபுவிடம் போனார்கள். அந்த மனிதருக்கு இந்த நாடு நன்றியல்லவா சொல்லவேண்டும் என்று பிரபு திருப்பி அனுப்பிவிட்டதாக, 1702-இல் வெளிவந்த ஒரு நூல் கூறுகிறது. 1670-இல் அவர் அந்த ஊரிலேயே காலமானார்.

மாம்பெஸன் 1669-இல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் என்ற பாரிஷுக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வருகிற பாதிரியார் என்று கேள்விப்பட்டதும் ஈக்ரிங் மக்கள் அவரை ஊருக்குள் விட மறுத்தார்கள். நோய் தீர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் பயம் பயம்தானே. பக்கத்தில் ரஃபோர்ட் பண்ணைக் காட்டில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். பயம் தெளிகிற வரையில் அவர் அங்கேதான் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்தார். ஈக்ரிங்காரர்கள் எட்ட நின்று கேட்டார்கள்.